முகப்போவியமும் நினைவுக் கடமையும்

பெரியோரை நினைத்துப் போற்றுதல் நாகரிக மக்கள் அனைவர்க்கும் பொதுவான பண்பாகும். கல் நாட்டியும் சிலை எடுத்தும் அஞ்சல்தலை வெளியிட்டும் அக்கடமையை ஆற்றி வந்த உலகம், இன்று இணையதளத்தின் முகப்பையும் அதற்குரிய இடமாக்கிக் கொண்டுள்ளது. கூகுள் நிறுவனம் விழாநாள்களிலும் சான்றோர் பிறந்தநாள்களிலும் தன் பெயரெழுத்துகளையே ஓவியமாக மாற்றிக் காட்டுகின்றது. ‘டூடுல்’ எனப்படும் இம்முகப்போவியத்தை வெறும் விளையாட்டென ஒதுக்குவாரும் உளர். புதுமையென வியந்து நின்றுவிடுவாரும் உளர். இவ்விரண்டும் திறனாய்வு ஆகா. கலை என்ற முறையில் அதன் சிறப்பு யாது, நினைவுச்சின்னம் என்ற முறையில் அதன் குறை யாது என இருவகையாலும் நோக்குதலே தக்கது.

இதன் தோற்றம் மிக எளியது. 1998 ஆகஸ்டு 30-ஆம் நாள், நிறுவனம் முறையாகப் பதிவு பெறுவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், அதனைத் தோற்றுவித்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் நடைபெறும் ‘பர்னிங் மேன்’ விழாவுக்குச் சென்றனர். தாங்கள் அலுவலகத்தில் இல்லை என்பதைத் தெரிவிக்கவே, அவ்விழாவின் சின்னமான மனித உருவைப் பெயரின் ஓர் எழுத்துக்குப் பின்னே வரைந்து வைத்தனர். 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மக்களின் பாஸ்டில் நாளுக்கு ஓவியம் தீட்டும் பணி, அங்குப் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் ஹ்வாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. வெளியூர் சென்றோர் வாயிற்கதவில் எழுதி வைத்த குறிப்புப் போன்று தொடங்கியது, இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களாகப் பெருகியுள்ளது.

இவ்வோவியங்களை அளக்கும் கோல் யாது? தமிழரின் நடுகல் மரபு அதற்கு ஒரு வழி காட்டுகின்றது. நடுகல்லில் வீரனின் முகச்சாயல் முதன்மை பெறுவதில்லை. அவன் ஏந்திய படைக்கலமும், அவன் மீட்ட ஆநிரையும் செதுக்கப்பட்டிருக்கும். முகம் மாறினும் செயல் மாறாது என்னும் தெளிவு அதில் உண்டு. ஆகவே, ஒருவரின் உருவத்தை மட்டும் காட்டும் ஓவியம் தாழ்ந்தது. அவர்தம் செயலை உணர்த்தும் ஓவியம் உயர்ந்தது எனக் கொள்வது பொருந்தும்.

இக்கோலால் அளக்கும்போது சில ஓவியங்கள் மிக உயர்ந்து நிற்கின்றன. மின்கித்தார் வளர்ச்சிக்கு வித்திட்டவருள் ஒருவரான லெஸ் பாலுக்கு 2011 ஜூன் 9-ஆம் நாள் அமைத்த ஓவியத்தில் எழுத்துகளே கித்தார் நரம்புகளாயின. பார்ப்போர் அவற்றை மீட்டி இசை எழுப்பினர். அவர் வாழ்க்கைக் குறிப்பைப் பத்துப் பக்கம் படிப்பதினும் ஒரு நரம்பைத் தொட்டமை பலர்க்கு அவரை அறிமுகம் செய்திருக்கும்.

இதனினும் சிறந்தவை நோய்த்தொற்றுக் காலத்தில் வந்த இரண்டு. 2020 மார்ச் 20-ஆம் நாள், மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸை முன்னிறுத்திக் கை கழுவும் முறையைப் படிப்படியாக விளக்கும் அசைவோவியம் ஒன்று வெளிவந்தது. 1847-இல் வியன்னா மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் மருத்துவர்களைக் கை கழுவச் செய்து, தாய்மாரின் இறப்பைக் குறைத்தவர் அவர். அக்காலத்து மருத்துவருட் பலர் அவரை ஏற்கவில்லை. மறுக்கப்பட்ட அம்மனிதரின் செயலை உலகமே செய்தாக வேண்டிய நாளில் அவர் நினைவு எழுந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 10-இல் டாக்டர் வூ லியன் தே போற்றப்பட்டார். 1879-இல் பினாங்கில் பிறந்த அவர், 1910-இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை எதிர்த்துத் துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தைப் பயன்படுத்தச் செய்தவர். ஊரெல்லாம் கவசம் அணிந்திருந்த வேளையில் அவர் கவசம் செய்யும் காட்சி தீட்டப்பட்டது. காலமும் செயலும் ஓவியமும் ஒன்றிய இடங்கள் இவை.

பிறந்தநாளைத் தேர்வதிலும் ஒரு புதுமை உண்டு. மணிவிழா, நூற்றாண்டு விழா என நிறைவெண்களுக்காகக் காத்திருப்பது உலக வழக்கம். கூகுளோ, கணித மேதை எம்மி நோதருக்கு 2015-இலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு 2019-இலும் 133-ஆம் பிறந்தநாளையே கொண்டாடியது. நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்கு 2021-இல் 93-ஆம் பிறந்தநாள் கொண்டாடப்பட்டது. நூறு வரும்வரை நன்றி காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். இது வரவேற்கத்தக்கதே.

இனிக் குறைகளைக் காண்போம். போற்றப்படுவோரைத் தேர்பவர் யார்? விளம்பர வருவாயால் வாழும் ஒரு தனி நிறுவனம். அதன் தேர்வில் சாய்வு இருந்தமையைப் பெண்கள் நலம் நாடும் ‘ஸ்பார்க்’ இயக்கம் 2014-இல் எடுத்துக் காட்டியது. 2010 முதல் 2013 வரை போற்றப்பட்டோருள் 62 விழுக்காட்டினர் வெள்ளை இன ஆடவர். பெண்கள் 17 விழுக்காட்டினரே. நிறுவனமும் குறையை உணர்ந்து, திருத்த முற்பட்டது. கண்டனம் எழாதிருந்தால் திருத்தம் வந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

மற்றொரு குறை எல்லை பற்றியது. ஓவியங்கள் பல, குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே தோன்றுகின்றன. 2012 டிசம்பர் 22-இல் சீனிவாச இராமானுசனின் 125-ஆம் பிறந்தநாள் ஓவியமும், முத்துலட்சுமி ரெட்டியின் ஓவியமும் இந்திய முகப்புக்கென அமைந்தவை. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ அன்று கணினியைத் திறந்த தமிழ் மாணவனுக்கு அவை தாமாக வந்து தோன்றா. முகப்பில் வராதவர் பெரியவர் அல்லர் என்று அவன் எண்ணிவிடுவானாயின், அப்பிழை ஓவியத்தைச் சார்ந்ததன்று. அவனுக்கு வேறு நாட்காட்டியைத் தராதவரைச் சார்ந்தது.

இங்கேதான் ஆசிரியரின் கடமை தொடங்குகின்றது. வெளிவந்த ஓவியங்கள் யாவும் இணையத்தில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. எந்நாளும் எந்நாட்டிலும் எடுத்துக் காட்டலாம். காட்டிய பின், ‘இவர் செய்தது யாது? ஓவியம் அதனைச் சொல்கின்றதா?’ என மாணவரை வினவுதல் வேண்டும். அடுத்து, அவர்களையே வரையச் சொல்லலாம். தமிழவேள் கோ. சாரங்கபாணியை வரைக என்றால், மாணவன் ஒருகால் முகத்தை மட்டும் வரைவான். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெறுவதற்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என அவர் நிதி திரட்டிய வரலாற்றைக் கேட்டறிந்தபின், தோட்டத் தொழிலாளியின் கை நீட்டும் வெள்ளிக்காசை வரைவான். முகத்திலிருந்து அக்காசுக்கு அவன் வந்து சேர்ந்த தொலைவே கல்வியாகும்.

முகப்போவியம் ஒருநாள் தோன்றி மறுநாள் மறைவது. அதன் அழகைப் போற்றுவோம். அதன் நல்ல முறையைக் கற்போம். ஆனால், யாரை நினைப்பது என்னும் உரிமையை அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது. அவ்வுரிமை அந்தந்த மக்களுக்கே உரியது. அதனைக் காக்கும் இடம் வகுப்பறையே.