நடுக்கடலில் ஒரு முழு நாள்: எது தேறும்?

2023 ஜூன் 15 அன்று போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு ரயில் கிளம்பியது. மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடிய பிறகு ஊர் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து பெற்ற ரயில் அது. அதே மாதத் தொடக்கத்தில்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் போகத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் போடி ஏலக்காய்க் கடைகளில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ராத்திரி வண்டி ஏறினால் விடிந்ததும் சென்னை, பிறகு நேரே கப்பல். கொடைக்கானலும் மூணாறும் சலித்துப்போன குடும்பங்களுக்கு இது புதுசு.

பேச்செல்லாம் கேபின் எந்தப் பக்கம், ஆளுக்கு எவ்வளவு, அம்பாந்தோட்டையில் எத்தனை மணி நேரம் இறங்கலாம் என்பதிலேயே சுற்றுகிறது. எந்தக் கரையும் தொடாமல், நாலு பக்கமும் தண்ணீராகக் கழியும் நாளை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கப்பல்காரர்கள் அதைக் ‘கடல் நாள்’ என்கிறார்கள். கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த நாளுக்குத்தான். திருகோணமலையை விமானத்திலும் போய்ப் பார்த்துவிடலாம். நடுக்கடலுக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது.

ஆகவே அந்த நாளை எடை போட ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடையது இது: போடியிலோ தேனியிலோ மதுரையிலோ கிடைக்கிற எதற்கும் கப்பலில் மதிப்பெண் கிடையாது. எட்டு எம்.எம். சல்லடையில் நிற்காத ஏலக்காய் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்த ரகத்தில் சேராது அல்லவா, அதுபோல.

முதலில் கப்பலே என்ன செய்யச் சொல்கிறது என்று பார்ப்போம். இந்த எம்பிரஸ் 1990இல் பிரான்சில் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. மூன்று நாள், நான்கு நாள் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைத்த கப்பல். இந்த விவரம் சும்மா தகவலல்ல. குறும்பயணக் கப்பலில் பயணி சலித்து உட்காரக் கூடாது. சலிப்பு வந்தால் அடுத்த முறை வரமாட்டார். அதனால் காலை முதல் நள்ளிரவு வரை நிகழ்ச்சி: நடனம், மேடை வித்தை, டி.ஜே., குழந்தைகளுக்கு விளையாட்டு, நீச்சல் குளம், கேசினோ. ஒன்றை விட்டால் இன்னொன்று.

இவற்றில் கேசினோவைத் தனியாக எடுத்துப் பேசவேண்டும். தமிழ்நாட்டில் கிடைக்காதது என்பதால் என் அளவுகோலில் அது தேறிவிடும் போலத் தெரியும். தேறாது. சட்டம் அனுமதிக்கும் தூரம் வரை கப்பல் போனதும் கதவு திறக்கிறது. ஆக, அந்த மேசைக்குக் கடல் ஒரு சட்ட ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே ஜன்னலைத் தேடவேண்டியதில்லை, ஆடுகிறவர் தேடவும் மாட்டார். 2022 ஜூனில் இதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது, சூதாட்டம் குறித்த எதிர்ப்பினால் கரையணைய அனுமதி கிடைக்கவில்லை. இறங்கிச் சுற்றிப் பார்க்கவேண்டிய நாள் பயணிகளுக்குக் கடலிலேயே கழிந்தது. வேண்டாத விருந்தாளியாக ஒரு கடல் நாள் இப்படியும் வரும் என்பதைப் போகிறவர்கள் மனசில் வைத்துக்கொள்வது நல்லது. வானிலை கெட்டாலும் இதே கதைதான்.

சாப்பாட்டை என் அளவுகோல் ஒரே அடியில் தள்ளிவிடுகிறது. பஃபேயில் வைக்கும் பனீர் மதுரையிலும் கிடைக்கும், இன்னும் நன்றாகவே கிடைக்கும். ஆனால் இங்கே அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும். காலையில் வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, கடையில் குவியலின் முன் உட்கார்ந்து பொழுது சாய காய் பொறுக்கி, திரும்பி வந்து மறுபடி அடுப்படியில் நிற்கிற பெண்கள் இந்த ஊரில் ஏராளம். கப்பல் டிக்கெட் அவர்களில் பலருக்கு எட்டாது என்பது வேறு விஷயம். வாங்க முடிகிற வீட்டிலும் சமையல் ஒருத்தி தலையில்தான். அவளுக்கு, அடுத்த வேளைக்கு என்ன என்று யோசிக்காத ஒரு நாள் போடியிலும் கிடைக்காது, மதுரையில் சொந்தக்காரர் வீட்டிலும் கிடைக்காது. கப்பலில் கிடைக்கிறது. ஆகவே பஃபே ஆண்களுக்குத் தோல்வி, பெண்களுக்குத் தேர்ச்சி. இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

கைபேசிக்கு வருவோம். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும். வைஃபை வேண்டுமானால் தனிக் காசு. வாங்காதீர்கள் என்பதற்குச் சிக்கனம் காரணமல்ல. போடி வியாபாரியின் மனசு ஏல விலையைச் சுற்றியே இருக்கும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்க, இன்றைக்குச் சராசரி என்ன, நாளைக்கு ஏறுமா என்று உள்ளங்கையிலேயே பார்த்துக்கொண்டிருப்பவர் இருபது மைல் கடலுக்குள் போனாலும் போடியில்தான் இருக்கிறார். கப்பலின் மிகப் பெரிய வசதி, அந்த விலை தெரியாமல் இருப்பது.

கடல் நாளை வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் கையில் வலுவான சாட்சிகள் இருக்கின்றன. காந்தி லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும்போது, 1909 நவம்பரில் ‘கில்டோனன் காஸில்’ கப்பலில் பத்தே நாளில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் ‘பில்ஸ்னா’ கப்பலேறிய வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு அப்போது வயது 19. முதல் நாட்கள் கொந்தளிப்பிலும் குமட்டலிலும் போயின. அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து போட்ட கணக்கிலிருந்துதான், வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற முடிவு வந்தது. 1983இல் நோபல் பரிசு வந்தபோது உலகம் அந்தக் கப்பலை மறுபடி நினைத்துக்கொண்டது. நம்முடைய ஏ.கே. செட்டியாருக்கு, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் யோசனை பிறந்ததும் 1937 அக்டோபரில், நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில்.

சாட்சிகள் பெரியவர்கள்தான். ஆனால் வாதம் நிற்காது. இவர்கள் போனது நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீண்ட பயணம். சந்திரசேகருக்கு வெனிஸ் போய்ச்சேர மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. டி.ஜே. இல்லை, தபால் இல்லை, ஓட வழியில்லை. சலிப்பு முற்றி, அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகுதான் மூளை வேலை செய்தது. ஒரே ஒரு கடல் நாளை வைத்துக்கொண்டு புத்தகம் எழுதுகிறேன் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறவர், சலிப்பு வருவதற்குள் சென்னை வந்து சேர்ந்திருப்பார். தவிர, அதே காலத்தில் கடல் தாண்டியவர்களில் பெரும்பாலோர் எதுவும் எழுதவில்லை. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டு ஓடிய ‘ரஜுலா’வின் தளத்தில் பாய் விரித்துக் கிடந்த தமிழர்களுக்குக் கடல் நாள் ஓய்வுநாள் அல்ல, எப்படியாவது தாண்டவேண்டிய நாள். ரஜுலா 1973இல் நின்றது. பிறகு வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்தது. கப்பலேறுவது நமக்கு உல்லாசமானது அண்மையில்தான்.

மிச்சமிருப்பது கடலைப் பார்ப்பது. இதுதான் உண்மையான போட்டியாளர். இதைத்தான் பெரும்பாலோர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். பார்க்கத் தெரியாததுதான் காரணம். மலை பார்க்க நமக்குத் தெரியும். குரங்கணிப் பக்கம் மேகம் இறங்கினால் எத்தனை மணிக்கு மழை என்று சொல்லிவிடுவோம். ஆனால் போடியில் மேற்கே மலை எழுந்து நிற்பதால், சூரியன் அடிவானத்தைத் தொடுவதை ஊருக்குள் இருந்து யாரும் பார்த்ததில்லை. அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். கப்பலின் மேல்தளத்தில், கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் நின்றால் சுற்றிலும் சுமார் 20 கிலோமீட்டருக்குக் கடல் தெரியும், ஒரு மறைப்பும் இல்லாமல். எதிரே வரும் சரக்குக் கப்பலின் மேற்கட்டு முதலில் தெரிந்து, உடல் பிறகு தெரிவதைக் கண்ணால் பார்க்கலாம். பூமி உருண்டை என்று ஏழாம் வகுப்பில் படித்ததை நம்ப வைக்கும் இடம் அது ஒன்றுதான்.

நீல நிறத்தைப் பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921இல் ஐரோப்பா போய்த் திரும்பிய சி.வி. ராமனுக்கு அது சரியாகப் படவில்லை. ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பி வரும்போது, கையில் வைத்திருந்த நிகோல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். சரியான கோணத்தில் திருப்பினால் மேற்பரப்பில் பளபளக்கும் வானத்தின் ஒளி அணைந்துவிடும். அணைந்த பிறகும் நீலம் நின்றது, முன்னைவிட ஆழமாக. அப்படியானால் நீலம் தண்ணீருடையதே. பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதி அனுப்பினார். 1928இல் கண்டுபிடித்த ராமன் விளைவுக்குப் போகும் பாதை அங்கே தொடங்கியது.

நிகோல் பட்டகம் நமக்கு வேண்டாம். போலராய்டு கூலிங்கிளாஸ் போதும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி உதவாது, போலராய்டு என்று கேட்டு வாங்கவேண்டும். கைப்பிடிக் கம்பி ஓரம் நின்று, நேர் கீழேயும் பார்க்காமல் அடிவானத்தையும் பார்க்காமல், இடைப்பட்ட சரிவில் பார்வையை வைத்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் வெள்ளிப் பளபளப்பு மறைந்து தண்ணீர் திறந்துகொள்ளும். சென்னைக்குப் பக்கத்தில் கலங்கிய பச்சை. ஆழம் கூடக் கூட கருநீலம். பறவைக்கோலா மீன் கூட்டம் கப்பலுக்கு ஒதுங்கி எழும்பிப் பறப்பது அந்த நேரத்தில் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் நீச்சல் குளத்தில் விட்டுவிட்டுப் போகாமல் இதை அரை மணி நேரம் செய்ய வைத்தால், டிக்கெட் காசில் பாதி அங்கேயே வசூல்.

பார்ப்பதற்கு உடம்பு ஒத்துழைக்கவேண்டும். போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் வாந்தி எடுக்காதவர்களுக்குக் கடலும் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. ஜீப் ஆட்டம் அரை மணியில் முடியும், கடல் ஆட்டம் முடியாது. குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போடவேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு. கேபினுக்குள் சுருண்டு படுப்பதைவிட வெளியே வந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது பலன் தரும். வாயில் ஏலக்காய் அடக்கிக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அதை மட்டும் நம்பமாட்டேன்.

காலமும் போடிக்காரர்களுக்குப் பொருந்தவில்லை. 2022, 2023 இரண்டு வருஷமும் சென்னைப் பயணங்கள் தொடங்கியது ஜூனில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் தென்கரை, அதாவது அம்பாந்தோட்டைப் பக்கம், கொந்தளிப்பாக இருக்கும்; கிழக்கே திருகோணமலைப் பக்கம் அமைதி. அந்த மாதங்களில்தான் ஏலத்தோட்டத்தில் காயெடுப்பும் தொடங்குகிறது. வங்கக்கடல் சாந்தமாக இருப்பது மாசி, பங்குனியில், தோட்டத்தில் வேலை குறைந்த நேரத்தில். அப்போது பெரும்பாலும் கடலுக்குக் கிடைப்பது அந்தமான் அரசுக் கப்பல். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய மூன்று நாள். பங்க் வகுப்பில் படுக்கை, கேண்டீன் சாப்பாடு, மேடையும் கிடையாது பாட்டும் கிடையாது. புறப்படும் தேதி மாறும், கழிப்பறை சுமார். ஆனாலும் கடல் நாளை மட்டும் தராசில் வைத்தால் தட்டு அந்தப் பக்கம்தான் தாழ்கிறது. நிகழ்ச்சி இல்லாததால் எல்லோரும் தளத்தில்தான் இருக்கிறார்கள். சீட்டுக்கட்டு அலுத்ததும் கண் கடலுக்குப் போகிறது.

ஆகவே என் தீர்ப்பு. கடலுக்குள் போய் அப்படியே திரும்பும் இரண்டு இரவுப் பயணம் போடியிலிருந்து ரயிலேறிப் போகிற அளவுக்குத் தகாது. பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் முடிந்துவிடும், மிச்ச நேரத்தை மேடை தின்றுவிடும். வயதானவர்களோடும் வீட்டுப் பெண்களோடும் போனால் இலங்கை வரை போகும் நீண்ட பயணம் சரி, அதுவும் கீழ்த்தளத்தில் நடுப்பகுதிக் கேபினாகக் கேட்டு வாங்கி, வைஃபை வாங்காமல். கடலை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே, காயெடுப்பு முடிந்த மாசியில் அந்தமான் கப்பலுக்குப் போங்கள். போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கடைக்கு வந்துவிடலாம்.