பேடே 3: கூட்டாளிகள் இருந்தால் மட்டும்

வங்கிக்குள் நாலு பேர் நுழைய வேண்டும். ஒருவர் காவலாளியைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் கேமரா அறையைப் பிடிக்க, மற்ற இருவரும் பெட்டகத்தைத் திறக்க வழி பார்ப்பார்கள். துளைக்கும் டிரில் பாதியில் மக்கர் பண்ணும். அதைச் சரிபண்ண ஓடுவதற்குள் வாசலில் போலீஸ் வந்து இறங்கிவிடும். அப்போது ஹெட்செட்டில் நண்பர்கள் போடுகிற கூச்சல்தான் பேடே விளையாட்டின் உயிர். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக்கிடந்த நாட்களில், சிவகாசி, விருதுநகர் நண்பர்களோடு பேடே 2, பேடே 3 இரண்டையும் மாற்றி மாற்றி ஆடினேன்.

மூன்றாம் பாகத்தின் சுடும் அனுபவம் அருமை. துப்பாக்கியின் கனம் கைக்குத் தெரிகிறது. முகமூடி போடாமலே காவலாளியின் பையிலிருந்து அட்டையை உருவலாம், பூட்டைத் திறக்கலாம். பணயக் கைதிகளை விடுவித்துப் போலீஸின் தாக்குதலைத் தள்ளிப்போடலாம். 'டர்ட்டி ஐஸ்' நகைக்கடைக் கொள்ளையைச் சத்தமில்லாமல் முடித்து வேனில் ஏறியபோது வந்த சந்தோஷம் பழைய பாகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. கணினி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தாலும் ஒரே ஆட்டத்தில் சேரலாம்.

இவ்வளவு நல்ல ஆட்டம் வியாபாரத்தில் ஏன் படுத்தது? 2023 செப்டம்பர் 21-இல் வெளியானபோது, தனியாக ஆடுவதற்கும் நிறுவனத்தின் சர்வர் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆட்களைச் சேர்த்துவிடும் அந்த ஏற்பாடு முதல் சில நாட்கள் திணறியது. காசு கொடுத்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளி என்ற ஒரே ஒரு நாளை நம்பி வருஷம் முழுக்கச் சரக்குப் போடும் ஊர் நம்முடையது. அந்த நாளில் அடைமழை பிடித்தால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. உள்ளே போனவர்களுக்கும் வெளியீட்டில் எட்டுக் கொள்ளைகள்தான் இருந்தன. ஸ்டீமில் ஒரே நேரத்தில் சுமார் 77,000 பேர்வரை ஆடிய விளையாட்டு, பிறகு தன் பழைய பாகத்தைவிடக் கீழே போனது. 2024 மார்ச்சில், இந்த விளையாட்டைச் செய்த ஸ்டார்பிரீஸ் நிறுவனம் தலைமைச் செயல் அதிகாரியை மாற்றியது.

இந்த ஸ்வீடன் நிறுவனம் விழுந்து எழுந்த அனுபவம் உள்ளதுதான். 2011-இல் முதல் பாகத்தைச் செய்த ஓவர்கில்லை மறுவருடம் வாங்கியது. 2013-இல் வந்த பேடே 2 அதற்குச் சோறு போட்டது. 2015-இல், கொடுத்த வாக்கை மீறி, பெட்டிகளைத் திறக்கும் டிரில்லுக்குத் தனிக் காசு கேட்டு ரசிகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. 2017-இல் 50 லட்சம் பிரதிகளை இலவசமாகக் கொடுத்து மறுபடி கூட்டம் சேர்த்தது. 2018-இல் 'ஓவர்கில்ஸ் தி வாக்கிங் டெட்' தோற்றதும் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடிப் போய், ஒரு வருடம் கழித்தே மீண்டது. மீளும் முயற்சியில் பேடே 2-க்குத்தான் மறுபடி காசுக்கு விற்கும் கொள்ளைகளைப் போட்டது. இத்தனை அடியிலும் கம்பெனியைத் தாங்கியது அந்த ஒரு விளையாட்டு. அப்படியிருக்க, அதன் அடுத்த பாகத்தை ஆட வருகிறவரை வாசலில் நிறுத்தியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நம் பக்கத்து மின்வெட்டும் இணையமும் தெரிந்தவர்களுக்கு இப்படி சர்வரை நம்பியிருப்பது சின்ன விஷயம் இல்லை. பேடே 2-இல் ஆட்டத்தை நடத்துவது நண்பர் ஒருவரின் கணினி. அவர் விருதுநகரில் இருந்தால் சிவகாசியில் சுட்ட குண்டு உடனே பாய்கிறது. லைன் போனால் கணினியே இயக்கும் ஆட்டக்காரர்களோடு தனியாகவும் ஆடலாம். பேடே 3-க்குத் தனியாள் முறை 2024 ஜூனில்தான், அதுவும் சோதனை வடிவில் வந்தது. அதில் துணைக்கு வரும் கணினி ஆட்டக்காரர்கள் பெரிதாக உதவுவதில்லை. 16 ஜிபி ராம் வேறு கேட்கிறது.

நாலு பேரும், நிற்காத இணையமும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் பேடே 3-ஐத் தள்ளுபடியில் வாங்குங்கள். மற்றவர்களுக்கு இன்றும் பேடே 2 போதும்.