பென்சில் கோடும் கணினி வண்ணமும்

பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1929-இல் கறுப்பு வெள்ளையில் தொடங்கிய முதல் டின்டின் சித்திரக் கதைக்குக் கணினியால் வண்ணமூட்டி 2017-இல் வெளியிட்டனர். அது மை ஓவியம். அழுத்தமான கோடு வரப்புப்போல் வண்ணத்தைத் தடுத்து நிறுத்தும். பென்சில் கோட்டின் இயல்போ வேறு. அழுத்திய இடத்தில் கறுக்கும். நெகிழ்ந்த இடத்தில் மங்கும். ஓவியர் தயங்கிய இடத்தில் இரண்டு மூன்றாகப் பிரியும். படத்தைக் கணினியில் ஏற்றுவோர் தாளின் அழுக்கை நீக்கப் புகுந்து அம்மங்கலையும் துடைத்து விடுகின்றனர். (உமியோடு அரிசியையும் புடைத்துத் தள்ளுவார் உளரோ?) கோட்டை ஒளி ஊடுருவும் தனி அடுக்காக மேலே நிறுத்தி, வண்ணத்தைக் கீழடுக்கில் பரப்பினால் அச்சாம்பல் நிறம் பிழைக்கும். 1983-இல் எர்ஜே மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த 'ஆல்ஃப்-ஆர்ட்' கதையை 1986-இல் கரட்டு வரைவுகளாகவே அச்சிட்டனர். நன்று செய்தனர். அவ்வரைவுகளில் கோடு உருவத்தைத் தேடிச் செல்வதைக் காண்கிறோம். சீரான வண்ணப் பரப்பு அத்தேடலை மூடியிருக்கும்.