பரமகுருவின் ஊர்

முட்டுக்காட்டில் கழி கடலைத் தொடும் இடத்தில் ஒரு பாலம் இருக்கிறது. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் அந்தப் பாலத்தைக் கடந்துதான் மாமல்லபுரம் போனார். மறுநாள் இரு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசியது பாலத்துக்குச் சற்றுத் தெற்கே, கோவளத்தில். அந்த நாட்களில் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் யுவான் சுவாங்கும் போதிதர்மரும் கண்ணில் பட்டார்கள். எட்டு மாதம் கழிந்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பெயர்களையும் யாரும் ஆசையோடு எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லைச் சண்டையைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. நான் கதை எழுதுகிறவன். ஒரு விருந்தாளியின் நினைவு இத்தனை சுலபமாக உதிர்ந்துபோகுமென்றால், அவரை நாம் சரியாக உள்ளே அழைத்து உட்கார வைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குறையில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தைப் படித்தவர்களுக்கு யுவான் சுவாங் பழக்கமானவர். பல்லவருக்கும் சளுக்கருக்கும் நடந்த பகையைச் சொல்லும் நாவல் அது. அதில் யாத்திரிகருக்கு வந்து போகிற இடந்தான் உண்டு. கல்கியை அதற்காகக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் வந்த நாம் என்ன செய்தோம்? அந்த மனிதரை ஒரு நற்சான்றிதழாக மாற்றிவிட்டோம். காஞ்சியின் மண் வளமானது, மக்கள் தைரியசாலிகள், வாய்மையை மதிக்கிறவர்கள், கல்வியைப் போற்றுகிறவர்கள் என்று அவர் எழுதியதை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டோம். அதே புத்தகத்தில், காஞ்சிக்குத் தெற்கே உள்ள மலகூட நாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அது பாண்டிய நாடு என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அங்கே உள்ளவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, வியாபார லாபத்தில்தான் கண் என்கிறார். இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. சாட்சியின் வாக்குமூலத்தில் நமக்குச் சாதகமான பகுதியை மட்டும் படிக்கிற வக்கீலைப் போல நடந்துகொண்டிருக்கிறோம்.

சாட்சிக்கு அடுத்தபடி, சீடன். 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் போதிதர்மர் ஒரு பல்லவ இளவரசர். சீனத்துக்குப் போய்க் கொள்ளை நோயைத் தீர்க்கிறார், சண்டைக் கலை கற்றுக் கொடுக்கிறார். கடைசியில் அந்த ஊர்க்காரர்களே அவருக்கு விஷம் வைக்கிறார்கள். இந்தக் காலத்துக் கதையில் வருகிற சீனரோ நோயைப் பரப்ப வந்த ஒற்றர். படத்தில் விறுவிறுப்பு உண்டு. நானும் நகராமல் உட்கார்ந்துதான் பார்த்தேன். ஆனால் வெளியே வந்த பிறகு ஒன்று உறுத்தியது. கற்றுக்கொள்கிறவன் அல்லது கெடுக்க வருகிறவன் என்பதைத் தவிர, சீனருக்கு அந்தக் கதையில் வேறு வேலையே இல்லை. சரித்திரமும் அத்தனை தெளிவாக இல்லை. 6ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்று போதிதர்மரைப் பாரசீகத்தவர் என்கிறது. 7ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று தென்னிந்திய அந்தணர் என்கிறது.

இந்தப் பார்வைக் கோளாறு நமக்கு மட்டும் உரியதல்ல. 1415-இல் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியிலிருந்து ஓர் ஒட்டகச்சிவிங்கி சீன அரண்மனைக்குக் காணிக்கையாகப் போயிற்று. அவர்கள் அதைத் தங்கள் புராணத்து மங்கல மிருகம் என்று கொண்டாடினார்கள்; நல்லாட்சி நடக்கும்போதுதான் அந்த மிருகம் தோன்றுமாம். ஆக, வந்தது ஆப்பிரிக்க விலங்கு. பெருமை சீனச் சக்கரவர்த்திக்கு. அயலாரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

அப்படியானால் காஞ்சிக்கு வந்த அந்தச் சீனர் உண்மையில் எதற்காக வந்தார்? நாளந்தாவில் அவருக்கு யோகாசாரம் கற்பித்தவர் முதியவரான சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி. மந்திரி குமாரரான அவர், அரசகுமாரியோடு கலியாணம் நடக்கவிருந்த அன்றிரவு, புத்தர் சிலைமுன் மனமுருகி நின்றுவிட்டு, ஊரைவிட்டே வெளியேறித் துறவியானாராம். இந்தக் கதையை எழுதி வைத்தவர் யுவான் சுவாங்கே. குருவின் குருவைப் பரமகுரு என்கிறோம் அல்லவா? சுமார் 640-இல் அவர் வந்து சேர்ந்தது தம் பரமகுரு பிறந்த ஊருக்கு.

அங்கே அவருக்கு நேர்ந்ததை அவருடைய சீடர் எழுதிய சரித்திரம் சொல்லுகிறது. காஞ்சியிலிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போய், யோகாசாரம் அறிந்த பெரியவர்களிடம் பாடம் கேட்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. அந்தச் சமயத்தில் இலங்கையிலிருந்தே பிக்குகள் வந்து இறங்கினார்கள். அரசன் இறந்துவிட்டான், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்றார்கள். சரி, உங்களுக்குத் தெரிந்ததையாவது சொல்லுங்கள் என்று தம் சந்தேகங்களைக் கேட்டார். அவர்கள் சொன்னது எதுவும் சீலபத்திரர் சொன்னதைத் தாண்டவில்லை. கடல் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வந்துவிட்டு, அவர் வடக்கே திரும்பினார்.

இதிலே எத்தனை பெரிய நாவல் இருக்கிறது! சபதம் இல்லை, முற்றுகை இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காத ஒரு மனிதர் இருக்கிறார். நாம் அவரைப் பார்க்கவில்லை. அவர் நம்மைப் பற்றி என்ன சொன்னார் என்பதிலேயே கண்ணாக இருந்துவிட்டோம்.

கதை அங்கேயும் முடியவில்லை. 645-இல் 657 நூல்களோடு ஊர் திரும்பியவர், பிறகு சாகும்வரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். 659-இல் அவர் தொகுத்த பெரிய தத்துவ நூல் பெரும்பாலும் தர்மபாலரின் உரையைத் தழுவியது. தர்மபாலர் எழுதிய மூலம் இங்கே அழிந்துவிட்டது. காஞ்சியில் பிறந்த அந்தப் பிள்ளையின் சிந்தனையைத் தேடுகிறவன் இன்று சீன மொழியில்தான் தேட வேண்டும்.

நாம் கொடுத்தோம், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பது? நாம் தொலைத்ததை ஒருவர் பத்திரமாக வைத்திருந்தால் அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அரசுகள் கைகுலுக்கினாலும் முறைத்துக்கொண்டாலும் அந்தக் கடன் அப்படியேதான் இருக்கிறது. சென்ற மாதம் முட்டுக்காட்டுப் பாலத்தின் ஓரம் நின்றிருந்தபோது எனக்கு நினைவு வந்தது கார் வரிசையில் போன அதிபர் அல்லர். கப்பல் ஏறாமல் திரும்பிய அந்தப் பிக்குதான். நம்மில் யாராவது அவரைப் பற்றி ஒரு நல்ல நாவல் எழுதினால், முதல் வாசகனாக நான் வாங்கிப் படிப்பேன்.