நாலு ஊர்ச் சிதறல்

‘சங்கி ஷிராப்னெல்’ என்ற பெயரைக் கிரவீனில் எங்கள் வீட்டு மேசையில் கண்டபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. ஷிராப்னெல் என்றால் எமக்கு ஷெல் துண்டு. அதை உடம்பில் சுமந்தபடியே விமானம் ஏறியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். இங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கோ அவுஸ்திரேலியப் பேச்சு வழக்கில் அது சில்லறைக் காசு. இசைத்தட்டைக் கொண்டுவந்த மகன், நாம் ஏன் முகம் சுளித்தோம் என்று விளங்காமல் நின்றான்.

மெல்பேணில் 2010இல் உருவான ‘கிங் கிஸாட் அன்ட் த லிஸாட் விஸாட்’ என்னும் சைக்கடெலிக் றொக் குழுவின் மேடைப் பதிவு இது. 2017இல் மட்டும் ஐந்து தொகுப்புகளை வெளியிட்ட ஓயாத பிறவிகள். அவற்றுள் ஒன்றில், துருக்கிய பக்லமா வாத்தியத்தின் வழியே போய், கிற்றாரில் மேலதிக மெட்டுகள் பதித்துக் கால் சுரங்களைத் தேடினார்கள். கமகத்தில் ஊறிய எம் காதுக்கு அது படிக்கட்டில் ஏறுவதுபோல் இருந்தது; வழுக்கிப் போகும் சுகம் இல்லை.

2019இல் ஐரோப்பாவில் வாசித்தவற்றை, மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடந்த 2020 ஏப்ரலில் இத்தொகுப்பாக வெளியிட்டார்கள். ஒரு பாட்டு மட்றிட்டில், இன்னொன்று மான்செஸ்ரரில், மற்றொன்று மிலானில். கடைசி உருப்படி ஏறக்குறைய 19 நிமிடம். லண்டன், உட்றெக்ற், பேர்லின், பார்சலோனா ஆகிய நாலு ஊர்களில் எழுதாமல் வாசித்தவற்றை ஒன்றாகத் தைத்தது. தையல் எங்கே என்று தேடினோம், அகப்படவில்லை. அதுதான் எமது முறைப்பாடும். இப்படியான வாசிப்பின் உயிர் அதன் தடுமாற்றத்தில் அல்லவா இருக்கிறது? ஒருவர் வழி தவற, மற்றவர் காத்திருந்து கைகொடுக்கும் அந்தக் கணம் இங்கே வெட்டுப்பட்டுவிட்டது.

அதே பயணத்தின் பாரிஸ், பிரசல்ஸ் இரவுகளும், அடிலெய்ட் இரவும் முழுமையாக வந்தன. 2020 தொடக்கத்தில், காட்டுத்தீ நிவாரணத்துக்காக. பின்னர் மேடைப் பதிவுகளை எவரும் அச்சிட்டு விற்கலாம், தமக்குச் சில பிரதிகள் தந்தால் போதும் என்றார்கள். அந்த இரவுகளில் சோர்வான இடங்கள் உண்டு, வெறும் பேச்சும் உண்டு. நாம் அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அமெரிக்காவின் ‘கிறேற்ஃபுல் டெட்’ குழு 1972இல் ஐரோப்பியப் பயணத்தை மூன்று இசைத்தட்டுகளுக்குள் அடக்கியது. குரல்கள் சிலவற்றைக் கலையகத்தில் திருத்திப் பாடியது. 2011இல் அந்த 22 இரவுகளும் 73 இறுவட்டுகளாக வந்தன. இவ்வளவையும் யார் கேட்பது என்று சிரிக்கலாம். சிரிக்க எமக்கு மனம் வரவில்லை.

1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில், பிரதிக்குப் பிரதி எடுத்த ஒரு கசற்றில் எம்மிடம் இருந்தது. 90 நிமிட நாடா. தனித்தவில் சூடுபிடிக்கும் இடத்தில் 45ஆவது நிமிடம் முடிந்துவிடும். யாரோ ஒருவர் அவசரமாக மறுபக்கம் திருப்பியிருக்கிறார். அதற்குள் போனது போனதுதான். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தைவிட்டு எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது கசற்றும் வீட்டோடு நின்றுவிட்டது.

மகன் அந்தக் கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டான். விடியும் வரை நடந்தது, நாதஸ்வரக்காரர் தவிலுக்கு வழிவிட்டுச் சிரித்தபடி நின்றார் என்றெல்லாம் விபரித்தோம். சொல்லும்போதே ஐயம் வந்துவிட்டது. சிரித்தது ஒரு திருவிழா, விடிந்தது இன்னொன்று, தவில் கசற்றில் கேட்டது. அந்தக் குழுவை நாம் குறை சொன்ன அதே வேலையை எம் நினைவு எத்தனையோ வருடமாகச் செய்துவந்திருக்கிறது, தையல் தெரியாமலே.

எந்தக் கோயில் என்றான். அளவெட்டிக் கும்பழாவளை என்றோம், பிறகு இணுவில் என்றோம். ரொறன்ரோவில் இருக்கும் எம் தமக்கையாரிடம் தொலைபேசியில் கேட்டோம். இரண்டுமில்லை, அது மாவிட்டபுரம் என்கிறார்.