ஏட்டிலிருக்கும் தோடி

தோடிக்கும் பைரவிக்கும் காந்தாரம் ஒன்றுதான், ஸாதாரண காந்தாரம். சுரப்படுத்தி அச்சிட்ட எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இரண்டு ராகத்துக்கும் ஒரே 'க'தான் போட்டிருக்கும். தோடியில் அந்த 'க' ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் உலவிக்கொண்டிருக்கும் ஓர் அசைவு. பைரவியில் அதன் அசைவு வேறு, கனம் வேறு. ஒன்றின் காந்தாரத்தை மற்றதில் வைத்துப் பாடினால் கேட்கிறவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். ஆனால் புத்தகத்தின்படி அங்கே ஒரு பிழையும் நடந்திருக்காது. நமது ஸங்கீதத்தில் எதை மூலப் பிரதி என்று கொள்வது என்கிற பிரச்னை இந்த ஒற்றை எழுத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இலக்கியத்தில் இந்தச் சங்கடம் இந்த அளவுக்கு இல்லை. உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தபோது, எல்லா ஏடுகளுக்கும் பின்னால் ஒரு சொற்கோவை உண்டு என்ற நம்பிக்கை அவருக்குத் துணை இருந்தது. ஸங்கீதத்துக்கு இங்கே ஒரு சாமிநாதையர் வரவில்லை. வந்திருந்தாலும் எதை எதோடு ஒப்பிட்டிருப்பார் என்பது தெளிவாகவில்லை. பல்கலைக் கழக இசை நூலகங்கள் சுரப்புத்தகங்களை ஒரு அலமாரியிலும் ஒலிப்பதிவுகளை இன்னொன்றிலும் அடுக்கி, இரண்டும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்பதுபோல அட்டவணை போடுகின்றன. புதிதாக வந்து சேருகிற நாடாக்களும், குறுந்தகடுகளும், கணினிக் கோப்புகளும் இந்த அட்டவணைக்குள்தான் போய் உட்காருகின்றன. எனக்கு இந்த அனுமானத்தின் மீதே சந்தேகம்.

தஞ்சாவூரிலிருந்தே ஆரம்பிக்கலாம். சரஸ்வதி மஹாலின் ஓலைச்சுவடிகளில் கீதங்களும் பிரபந்தங்களும் மட்டுமின்றி, ஆலாபங்களும் தாயங்களும்கூடச் சுர எழுத்துக்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் விஜயராகவ நாயக்கர் சபையில் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை' என்று பெயர் வைத்தது இந்த நான்கையும் மனதில் கொண்டுதான். பின்னால் ஷாஹஜியின் காலத்திலும் (1684 - 1712), துளஜாவின் 'ஸங்கீத ஸாராம்ருத'த்திலும் ராகங்களுக்கு உதாரணமாகத் தரப்படுவது இந்தத் தொடர்களே. ஆலாபனையை எழுதவே முடியாது, அது மனோதர்மம் என்று இன்று எந்த வித்வானும் சொல்வார். முந்நூறு வருஷத்துக்கு முன் அதே ஊரில் அதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஓலைகளை வைத்துக்கொண்டு இன்று ஒருவரும் வாசிக்க முடியாது. சுரம் இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் எப்படி அசைந்தது என்பது எழுதினவனுடைய கையோடும் குரலோடும் போய்விட்டது. எழுதினவனுக்கு அது ஒரு குறை என்று தோன்றியிருக்காது. படிக்கப்போகிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்; காதில் ஏற்கனவே இருப்பதை ஞாபகப்படுத்த ஏடு போதுமானதாக இருந்தது. பேரேட்டில் தொகை இருக்கிறது, பெட்டியில் பணம் இல்லை என்று எங்கள் தொழிலில் சொல்கிற நிலைமை நாம் வந்த பிறகு ஏற்பட்டதுதான்.

அந்நியன் ஒருவன் படிக்க வேண்டும் என்று நினைத்து எழுத ஆரம்பித்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1892இலிருந்து சின்னசாமி முதலியார் கர்நாடக ஸங்கீத உருப்படிகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். கைப்பொருளை இதில் கரைத்தவர். அவர் தூண்டுதலிலும் எட்டயபுரம் ஸமஸ்தானத்தின் ஆதரவிலும் சுப்பராம தீக்ஷிதர் 1904இல் 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி'யைத் தெலுங்கில் கொண்டுவந்தார். நம்மவர் செய்த சுரப்புத்தகங்களில் தன் போதாமையை உணர்ந்து செய்யப்பட்டது இது ஒன்றுதான் என்பேன். கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாஹதம், நொக்கு, ரவை, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிகை என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு அடையாளம் வைத்தார். ஆனால் கவனித்துப் பார்த்தால் இந்த அடையாளங்களில் பல வீணைக்காரரின் விரலுக்கு இடப்பட்ட கட்டளைகள். ஒதுக்கல் என்பது ஒரு மெட்டில் நின்றபடி தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது. தொண்டைக்கு மெட்டும் இல்லை, தந்தியும் இல்லை. துத்துக்காரத்தாலும் விரலாலும் மூச்சாலும் அதே காரியத்தைச் செய்கிற நாகஸ்வரக்காரருக்கு இந்தப் புத்தகம் பாஷை தெரியாத ஊரில் கிடைத்த வரைபடம் போல. சென்னை மியூசிக் அகாடமி இதைத் தமிழில் பாகம் பாகமாக வெளியிட்டது. குறியீடுகளைப் பார்த்துப் பாடம் பண்ணுகிறவர்கள் மிகக் குறைவு. மேற்கோள் காட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை.

தஞ்சாவூரிலேயே ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தை அச்சிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். அவர் சுருதிக் கணக்கில் இறங்கினார், உருப்படியில் அல்ல. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கதை வேறு. 1929இலிருந்து சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நடந்தது. டைகர் வரதாச்சாரியாரும், தஞ்சை நால்வர் வம்சத்தில் வந்த பொன்னையா பிள்ளையும் அங்கே பாடம் சொன்னார்கள். பிற்காலத்தில் தண்டபாணி தேசிகர். 1941இல் தமிழிசைத் தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு தமிழ்ப் பாடல்கள் சுரப்படுத்தப்பட்டுத் தொகுதி தொகுதியாக வந்தன. அந்த வாதத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. கேட்கிறவனுக்குப் புரியாத பாஷையிலேயே ஒரு நாடு முழுவதும் உருகிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒரு விசித்திரமான ஏற்பாடுதான். ஆனால் சண்டை முழுவதும் ஸாஹித்யத்தின் பாஷையைப் பற்றியே நடந்தது. எதிர்த்தவர்களும் ஸாஹித்யத்தைப் பற்றியே பேசினார்கள். தொகுதிகளில் சுரம், கமா, அரைப்புள்ளி, மேற்கோடு. கமகத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. வகுப்பில் வாத்தியார் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. ஓலையில் எழுதினவனின் நம்பிக்கைதான் இது. அவன் வாசகன் பக்கத்தில் இருந்தான், இவர்கள் வாசகன் தபாலில் வாங்குகிறவன்.

எழுத்து எங்கே நிற்கிறது, ஓசை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிறநாட்டில் யோசித்திருக்கிறார்கள். மில்மன் பாரி 1933-35இல் யூகோஸ்லாவியாவில் பதிவு செய்து ஹார்வர்டில் சேர்த்த பாடல்களைப் பார்ட்டோக் 1941இலிருந்து நியூயார்க்கில் உட்கார்ந்து எழுத்தில் கொண்டுவந்தார். 1951இல், அவர் இறந்தபின், புத்தகம் வெளிவந்தது. ஒவ்வொரு நடுக்கத்தையும் எழுத முயன்ற அந்த மனிதர், உண்மையான குறியீடு என்பது இசைத்தட்டில் இருக்கும் வரிப்பள்ளம்தான் என்ற முடிவுக்கு வந்தார். எழுதக் கூடிய அளவுக்கு எழுதிப் பார்த்தவர் சொன்னது என்பதால் இதற்கு மதிப்பு. 1958இல் சார்லஸ் ஸீகர் இன்னொரு பாகுபாடு செய்தார்: இப்படி வாசி என்று கட்டளையிடும் எழுத்து ஒன்று, இப்படி வாசிக்கப்பட்டது என்று வர்ணிக்கும் எழுத்து இன்னொன்று. நம்முடைய சுரப்புத்தகங்கள் முதல் ஜாதி. இரண்டாவதை நம் ஸங்கீதத்துக்குச் செய்ய முயன்றவர் டி. விசுவநாதன். ஆலாபனையில் கமகத்தின் போக்கையே எழுத்தில் காட்டப் பார்த்த அவருடைய ஆராய்ச்சி 1975இல் அமெரிக்காவில், வெஸ்லியன் பல்கலைக் கழகத்தில் முடிந்தது.

அந்தப் பெயர் இங்கே தற்செயலாக வரவில்லை. விசுவநாதன் வீணை தனம்மாளின் பேரன். தஞ்சாவூர் அரண்மனை ஆட்டக்காரி பாப்பம்மாளின் வழி. சகோதரி பாலசரஸ்வதி, சகோதரர் ரங்கநாதன். 1960களிலிருந்து இந்தக் குடும்பம் கனெக்டிகட்டில் போய்ப் பாடம் சொன்னது, ஆடியது, வாசித்தது. அது பதிவுகளாக அந்த நூலகத்தில் தங்கியது. தஞ்சாவூர்ப் பதங்களைக் கேட்டுப் பழக ஒரு அமெரிக்கச் சிற்றூரில் ஏற்பாடு இருந்தது என்பதில் வெட்கப்பட வேண்டியது யார் என்று யோசிக்கலாம். நான் வெட்கத்தைவிட வேறொன்றைக் கவனிக்கிறேன். பதிவு செய்ய வந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இல்லை இவர்கள். ஆசிரியர்களாக இருந்து, எதைப் பாடுவது, யாருக்குச் சொல்லித்தருவது என்று தாங்களே நிர்ணயித்துக்கொண்டவர்கள். ஒலிப்பதிவுக்குப் பின்னால் ஒரு பாடம் இருந்தது.

தனம்மாளின் சொந்தப் பதிவுகள் 1932இல் கொலம்பியா எடுத்தவை. ஒரு பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிஷம். வீணையும் கூடவே முனகுவதுபோல் ஒலிக்கும் அந்தக் குரலும் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் அவர் எப்போது நிறுத்தியிருப்பார் என்று தெரியாது. தட்டு நிறுத்துகிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டுக்கும் இதே கதிதான். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் என்று பெயரெடுத்த மனிதரைத் தட்டின் கணக்குக்குள் மடக்கியிருக்கிறார்கள். தோல்வி என்று அதைச் சொல்ல மாட்டேன். காலம் குறைந்ததால் அந்தத் தட்டில் ஒரு அவசரமான பூரணம் வந்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு ராஜரத்தினம் எப்படி வாசிப்பார் என்று சொல்வது, சிறுகதையைப் படித்து நாவலாசிரியரைப் பற்றிப் பேசுவது போல.

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாகஸ்வரம் ராஜரத்தினத்தின் கைக்கு வந்ததும் சுருதி இறங்கியது, நாதம் கனத்தது. கச்சேரி மேடைக்கு இசைந்தது. அதற்கு முன்னிருந்த திமிரி குட்டையானது, உச்ச சுருதி, வீதிக்கு ஏற்றது. ஒலிவாங்கி பாரியைத்தான் விரும்புகிறது. இது நுட்பச் செய்தியாகத் தோன்றலாம். விஷயத்தின் மையமே இதுதான். பெரிய மேளம் உட்கார்ந்த இடத்தில் கேட்பதற்காக உண்டான ஸங்கீதம் இல்லை. ஸ்வாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி, தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று. அப்புறம் நான்கு வீதியிலும் நகர்ந்துகொண்டே ராகம். மேல வீதியில் திரும்பும்போது தெற்கு வீதித் திண்ணையில் இருப்பவனுக்குத் தவில் முதலில் மங்கும், நாகஸ்வரம் மட்டும் மேலே நிற்கும். வடக்கு வீதிக்கு வந்ததும் முகப்புச் சுவர்கள் ஓசையைத் திருப்பித் தரும். தூரமும் திருப்பமும் அந்த வாசிப்பின் அங்கம். அறைக்குள் முழ தூரத்தில் ஒலிவாங்கி வைத்து எடுத்தது, எவ்வளவு துல்லியமானாலும், யாரும் என்றும் கேட்டிராத ஒரு மல்லாரி. தவிலின் கதி இன்னும் மோசம். தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள பேதத்தை அந்தக் காலத்துத் தட்டு வாங்கிக்கொள்ளவே இல்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கையைப் பற்றிக் கேட்டவர்கள் சொன்னதைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அரண்மனைக்கு நெருங்கிய ஸங்கீதம் ஏறியது ஓலையில், அச்சில். கோயில் வாசலில் நின்ற ஸங்கீதம் ஏறவில்லை. இது கவனக்குறைவு என்று நினைக்க முடியவில்லை. இசை வேளாளக் குடும்பங்களில் உருப்படி என்பது சொத்து. மானியம், முறை, மரியாதை எல்லாம் அதோடு கட்டுண்டவை. எழுதிக் கொடுப்பது பட்டாவைக் கொடுப்பது. பொன்னையா பிள்ளை தம் முன்னோரின் உருப்படிகளை அச்சிட்டது அந்த வழக்கத்துக்கு எதிரான துணிச்சல் என்பதை ஸபாக்காரர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1947இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்து சின்ன மேளம் கோயிலிலிருந்து போனபோது, அதன் உருப்படிகள் வேறு ஜாதியாரின் மேடையில் சுரப்புத்தகமும் கையுமாக எழுந்து நின்றன. எழுதப்பட்டது இடம் மாறும்; அதற்காகவே எழுதாமலிருந்தவர்களை அறியாமை என்று பழிப்பது எளிது. பி. எம். சுந்தரம் பெரிய மேளக்காரர்களின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்த பிறகுதான் பெயர்களாவது நமக்கு ஒழுங்காகக் கிடைத்தன. அவர் நீடாமங்கலத்தாரின் மகன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தால் அந்த வீடுகளில் காப்பி கிடைத்திருக்கும், விஷயம் கிடைத்திருக்காது.

நம் இலக்கியப் பத்திரிகைகளும் இதில் யோக்கியமில்லை. மௌனியிலும் ஜானகிராமனிலும் ஸங்கீதம் ஒரு பரவச நிலை. அப்படி எழுதியது அவர்கள் உரிமை. ஆனால் விமர்சகர்களும் அந்தப் பரவசத்தையே வாங்கிக்கொண்டு, ஸங்கீதம் என்றால் வர்ணனைக்கு அப்பாற்பட்டது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதத் தயாராக இருப்பவர்கள், ஒரு பல்லவி ஏன் அந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதியதில்லை.

இன்று பதிவுக்குப் பஞ்சமில்லை. பழைய தட்டுகளும் வானொலி நாடாக்களும் கணினிக்கு மாறி எவன் கைபேசியிலும் ஒலிக்கின்றன. மாணவன் ஒரு கீர்த்தனையின் ஏழெட்டுப் பாடங்களை ஒரு மாலையில் கேட்டுவிடுகிறான். விளைவு என்னவென்றால் பாடபேதம் பெருகாமல் சுருங்குகிறது. அதிகம் கேட்கப்படுகிற ஒரு பதிவின் ஸங்கதி, அதே மூச்சுவிடும் இடம் உட்பட, எல்லாத் தொண்டையிலும் வந்துவிடுகிறது. ஒரு ராத்திரி ஒருவர் செய்த வர்ணனை அடுத்த தலைமுறைக்குக் கட்டளையாகிவிட்டது. ஸீகரின் இரண்டு ஜாதிகளும் கலந்துபோன இந்த நிலையை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நூலகம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. கச்சேரியைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டு பாடத்தைப் பதிவு செய்யலாம். வாத்தியார் சொல்கிறார், பையன் தப்பாகத் திருப்புகிறான், அவர் நிறுத்துகிறார், மறுபடி சொல்கிறார். அந்தத் தப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவில்தான் தோடியின் காந்தாரம் எங்கே இருக்கிறது என்று தெரியும். எந்தப் பூரணமான கச்சேரிப் பதிவிலும் அது தெரிவதில்லை. தவிலுக்கு வாய்ச்சொல்லையும் கையையும் சேர்த்து எடுக்க வேண்டும். புறப்பாட்டை எடுப்பதானால் ஒரு ஒலிவாங்கி மேளத்தோடு நடக்கட்டும், இன்னொன்று ஏதாவது ஒரு வீதித் திண்ணையில் அசையாமல் இருக்கட்டும்.

அட்டவணையையும் மாற்ற வேண்டியிருக்கும். செம்பொன்னார்கோயில் பரம்பரையில் ரக்தி என்று ஒன்று வாசிப்பார்கள். ஸாஹித்யம் இல்லை, ஒரு தத்தகாரத்தை எடுத்துக் காலம் மாற்றி மாற்றி இரவு வீதியில் விரித்துக்கொண்டு போவார்கள். இயற்றியவர் என்று ஒருவரைக் குறிப்பிட முடியாது. பாட்டின் முதல் சொல், ராகம், தாளம், இயற்றியவர் என்று கட்டம் போட்ட அட்டையில் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் காலியாக நிற்கும். முதல் சொல்லை வைத்து அகரவரிசைப்படுத்துகிற நூலகத்தில் அந்த அட்டையை எந்த இழுப்பறையில் போடுவார்கள்?