படத்தில் இல்லாததைச் சொல்ல ஒரு குரல்

ஐபிஎல் நாட்களில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நடந்தால் ஒரு வீட்டில் தமிழ் வர்ணனை, அடுத்த வீட்டில் ஆங்கிலம். ஆங்கிலம் ஓடும் வீட்டுத் தாத்தாவைக் கேட்டால், "தமிழ்ல வளவளன்னு பேசிண்டே இருக்கான்" என்பார். பாதி நியாயம்தான்.

அவர் காது வானொலியில் பழகியது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் சேப்பாக்கத்திலிருந்து பேசியபோது, பந்து எந்தப் பக்கம் போனது, யார் துரத்துகிறார் என்று அந்தக் குரல்தான் காட்ட வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் அதெல்லாம் கண்முன்னே நடக்கிறது. அப்படியானால் வர்ணனையாளருக்கு மிச்சமிருக்கும் வேலை, ஃபீல்டர் ஏன் நகர்ந்தார் என்று சொல்வது.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தபின் இதை நன்றாகச் செய்தவர்கள் பழைய ஆட்டக்காரர்கள். சுழற்பந்தை எப்படி ஆடுவது என்று பத்ரிநாத் விளக்கும்போது, பாடப்புத்தகத் தமிழும் இல்லை, ஆங்கிலத்தின் நிழலும் இல்லை. 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 38 ரன் எடுத்த ஸ்ரீகாந்த் வேகப்பந்தைப் பற்றிப் பேசினால், அது அடிவாங்கியவரின் பேச்சு. கொஞ்சம் சத்தம் அதிகம், மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. பல ஆட்டங்களில் இவர்கள் மைதானத்திலேயே இருப்பதில்லை. மும்பை ஸ்டுடியோவில் உட்கார்ந்து, நாம் பார்க்கும் அதே படத்தைப் பார்க்கிறார்கள். கேமரா காட்டாத ஃபீல்டிங் மாற்றம் அவர்களுக்கும் தெரியாது. அந்த இடைவெளியைச் சினிமா வசனமும் ஒருவரையொருவர் கலாய்ப்பதும் நிரப்புகின்றன.

திருச்சிக்குப் பக்கத்துச் சூரியூர் ஜல்லிக்கட்டில் மைக் பிடிப்பவரும் வாய் ஓயாதவர்தான், பாரபட்சமும் உண்டு. ஆனால் வாடிவாசலைத் தாண்டுமுன்பே மாடு எந்த ஊர், யார் வீட்டுடையது, பிடித்தால் அண்டாவா சைக்கிளா என்று சொல்லிவிடுவார். பேச்சு அதிகமானாலும் தகவல் குறையாது.

கிரிக்கெட் வர்ணனையில் குறைவது அந்தத் தகவல்தான். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) 2016இல் தொடங்கியதே மாவட்டப் பையன்களை மேலே கொண்டுவரத்தான். அங்கே ஒருவன் இறங்கினால் "திருச்சி பையன்" என்பதோடு பேச்சு முடிகிறது. அவன் மேட் விரித்த பிட்ச்சில் வளர்ந்தவனா? மேட்டில் பந்து எகிறும். பின்காலில் ஆடிப் பழகியவன், டர்ஃபில் தாழ்ந்து வரும் பந்துக்குத் தடுமாறுவான். பத்ரிநாத் இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுவார், பக்கத்து மைக் கொஞ்சம் வழிவிட்டால்.